பல்லும் பிறந்த மண்ணும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டென்மார்க்கின் எக்ட்வெட் ஊரில் பழங்காலப் புதைகுழியில் கிடைத்த ‘எக்ட்வெட் பெண்’ பற்றி இரண்டு செய்திகள் வாசித்தேன். ஒன்று, அவள் வேறு நாட்டிலிருந்து வந்தவள் என்கிறது. இன்னொன்று, அவள் உள்ளூர்க்காரியாகவே இருக்கலாம் என்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் அவளுடைய பல்லில் அளந்த அதே ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்) விகிதம். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இப்படி எதிரெதிராகப் பேசலாம் என்றால் இதை எப்படி நம்புவது? டிஎன்ஏ இருக்கும்போது இந்த முறை எதற்கு? இதற்காகப் பழைய பற்களைத் துளைத்துத் தூளாக்குவது சரிதானா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

பல்லில் அளந்த எண்ணைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் சண்டை இல்லை. அதை எந்த நிலத்தோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் தகராறு.

பாறையிலிருந்து தொடங்குகிறேன். பாறையில் உள்ள ருபீடியம் என்ற தனிமத்தின் ஒரு வகையான ருபீடியம்-87 மிக மிக மெதுவாகச் சிதைந்து, ஸ்ட்ரான்சியம் என்ற வேறு தனிமத்தின் ஒரு வகையான ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள். எனவே ருபீடியம் மிகுந்த பழைய கிரானைட்டில் ஸ்ட்ரான்சியம்-87 கூடுதலாகச் சேர்ந்திருக்கும். இளம் எரிமலைப் பாறையில் குறைவாக இருக்கும். ஸ்ட்ரான்சியம்-86 உடன் அதற்குள்ள விகிதத்தைத்தான் பல்லிலும் அளக்கிறார்கள். அது பசால்ட் என்ற இளம் எரிமலைப் பாறையில் 0.704 அளவில் இருக்கும். இன்றைய கடல்நீரில் 0.7092. பழைய கிரானைட் நிலங்களில் 0.720-ஐயும் தாண்டும். ஸ்ட்ரான்சியம் கால்சியத்தைப் போலவே நடந்துகொள்வதால் உடல் அதையும் எலும்பிலும் பல்லிலும் சேர்த்துவிடுகிறது. மண்ணிலிருந்து செடிக்கும், செடியிலிருந்து விலங்குக்கும் மனிதருக்கும் போனாலும் அந்த விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

பல்லின் கடினமான மேலுறையான எனாமல் சிறுவயதில் உருவானதோடு சரி, பிறகு புதுப்பிக்கப்படுவதில்லை. எலும்பு அப்படியல்ல. வாழ்நாள் முழுக்கப் புதுப்பிக்கப்படுவதால் அதில் கடைசிப் பத்து, இருபது ஆண்டுகளின் கதை இருக்கும். ஆல்ப்ஸ் பனியில் 1991-இல் உடலாகக் கிடைத்த ஓட்சி என்ற பழங்கால மனிதரின் பல்லையும் எலும்பையும் ஒப்பிட்டுத்தான், அவர் சிறுவயதில் ஒரு பள்ளத்தாக்கிலும் வளர்ந்தபின் வேறு இடத்திலும் வாழ்ந்தார், ஆனால் மொத்த வாழ்க்கையும் உடல் கிடைத்த இடத்துக்கு 60 கிலோமீட்டர் தூரத்துக்குள் கழிந்தது என்று 2003-இல் சொன்னார்கள். அவர் பனியில் உறைந்து கிடந்தார். மண்ணில் புதைந்த எலும்போ சுற்றியிருக்கும் மண்ணின் ஸ்ட்ரான்சியத்தை உறிஞ்சிவிடும். அதனால்தான் எல்லோரும் இறுக்கமான எனாமலைத் தேடிப் போகிறார்கள்.

இனி எக்ட்வெட். கி.மு. 1370 அளவில் ஓக் மரப் பெட்டியில் அடக்கம் செய்யப்பட்ட, பதினாறு பதினெட்டு வயதுப் பெண். 1921-இல் கண்டெடுத்தார்கள். எலும்புகள் கரைந்துவிட்டன, பல் எனாமல், முடி, நகம், உடைகள் மிஞ்சின. 2015-இல் வந்த ஆய்வு, அவளுடைய பல்லின் விகிதம் டென்மார்க் நிலப்பகுதிக்குப் பொருந்தவில்லை, அவள் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியிலிருந்து வந்திருக்கலாம் என்றது. 2019-இல் இரண்டு டேனிஷ் ஆய்வாளர்கள் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த நீரும் மண்ணும் எப்படிப்பட்ட நிலத்தில் எடுத்தவை? இன்றைய வயல்களில் மண்ணின் புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு போடுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பின் ஸ்ட்ரான்சியம் ஓடைகளில் கலந்து விகிதத்தைக் கீழே இழுத்துவிடுகிறது. உழவு படாத இடங்களின் நீரை அளந்தபோது விகிதம் உயர்ந்தது. அவளுடைய பல் உள்ளூர் நிலத்துக்கே பொருந்திவந்தது. முதல் குழு இதை ஏற்கவில்லை; விவாதம் நடந்தது.

எனக்கு இந்த விவாதத்தால் இந்தத் துறை மீது நம்பிக்கை கூடியிருக்கிறது. நிலத்தைக் கவனமாக அளந்திருந்தால் ‘இவர் இங்கே வளர்ந்தவர் அல்ல’ என்று ஸ்ட்ரான்சியம் உறுதியாகச் சொல்லும். ‘இன்ன ஊரில் பிறந்தவர்’ என்று அதனால் சொல்ல முடியாது. ஒரே வகைப் பாறை ஐரோப்பாவில் பத்து இடங்களில் இருக்கும்போது அது எப்படி ஒரு ஊரைச் சுட்டும்? அதேபோல, ஒத்த பாறையுள்ள தூர தேசத்திலிருந்து வந்தவர் உள்ளூர்க்காரராகவே தெரிவார். குடித்த நீரைக் காட்டும் ஆக்சிஜன் ஐசோடோப்பையும் சேர்த்துப் பார்த்தால் வட்டம் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். தலைப்புச் செய்திகள்தான் ஊர்ப்பெயரைத் தேடுகின்றன.

உணவு விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இன்னும் அதிகம். மக்காச்சோளம், தினை போன்றவை கார்பனைச் சேர்க்கும் வழி கோதுமை, நெல்லிலிருந்து வேறுபட்டது. அந்த வேறுபாடு, உண்டவரின் எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தில் தங்கிவிடுகிறது. வட அமெரிக்காவில் மக்காச்சோளம் எப்போது முக்கிய உணவானது என்பதை 1970-களின் இறுதியில் இப்படித்தான் எலும்பிலிருந்தே காட்டினார்கள். நைட்ரஜனின் எடை கூடிய வகையான நைட்ரஜன்-15 உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படிக்கும் ஆயிரத்துக்கு 3 முதல் 5 வரை ஏறும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் அளவு தாயைவிட உயர்ந்திருப்பதும் அதனால்தான். பால் மறந்த வயதைக்கூட மதிப்பிடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: கொலாஜன் காட்டுவது பெரும்பாலும் உண்ட புரதத்தின் கணக்கு. ஒருவர் கிழங்கையும் பழத்தையும் நிறையத் தின்றிருந்தாலும் அது அங்கே மங்கலாகவே பதியும். ‘இறைச்சி மட்டுமே தின்றவர்கள்’ என்று யாராவது எழுதினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டிஎன்ஏ பற்றி: அது முன்னோர்கள் யார் என்று சொல்லும். அவள் எங்கே வளர்ந்தாள் என்று சொல்லாது. தூரத்து முன்னோர்களைக் கொண்ட பெண் பிறந்த ஊரை விட்டு நகராமலே வாழ்ந்திருக்கலாம். இரண்டும் வேறு வேறு கேள்விகள். எனக்கு அந்த ஒருத்தியின் சொந்த வாழ்க்கையே பெரிதாகப் படுகிறது, அதனால் ஐசோடோப்பின் பக்கம் சாய்கிறேன்.

கடைசியாக, துளைப்பது. இன்று சில மில்லிகிராம் எனாமலே போதும். லேசர் முறையில் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு தடமே விழும். ஆனாலும் எடுத்த தூள் திரும்பி வராது. எனவே முதலில் சுற்றுவட்ட நிலத்தையும் நீரையும் அளந்து முடிக்க வேண்டும், கேள்வி தெளிவாக இருக்க வேண்டும், அதன் பிறகுதான் பல்லைத் தொட வேண்டும். அந்தப் பல்லிலும் ஒரு பகுதியை, நாளை வரப்போகும் நுட்பமான கருவிகளுக்காகத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும்.

அன்புடன்