கிளினிக்கில் மனதையும் சொல்லுங்கள்: மூத்தோர் நலம், கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே சீனி, பிரஷர், இருதயம், பாரிசவாதம் என்றுதான் தொடங்குகின்றன. கடைசி வரிக்கு வரும்போதுதான் "அப்பா முன்னைப்போல இல்லை", "அம்மா கதைப்பதே குறைந்துவிட்டது" என்று ஒரு குறிப்பு வருகிறது. அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் படிக்கிறேன். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலேயே இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 சதவீதம். அதற்குப் பிறகு அந்தப் பங்கு கூடிக்கொண்டுதான் வருகிறது. கொழும்பில் இந்தக் கேள்விகள் இல்லாத வீடு குறைவு.

அப்பாவுக்கு வயது 71. சில மாதங்களுக்கு முன் ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இருதயம் நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அப்பா வீட்டை விட்டு இறங்குவதே இல்லை. விடிய எழும்பி பேப்பர் வாங்கக் கடைக்குப் போகிறவர், இப்போது பேப்பரைக் கையில் கொடுத்தாலும் விரிப்பதில்லை. "பயந்துவிட்டார், தானாகச் சரியாகும்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பொறுத்துப் பார்க்கலாமா?
(வெள்ளவத்தை வாசகி)

பொறுக்க வேண்டாம். ஹார்ட் அட்டாக் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு, வைத்தியம் செய்ய வேண்டிய அளவுக்கு மனச்சோர்வு வருகிறது. கனடாவின் மொன்றியல் நகரில் நடந்து 1993இல் வெளியான ஓர் ஆய்வு மருத்துவர்களையே உலுக்கியது. ஹார்ட் அட்டாக் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோதே மனச்சோர்வு இருந்தவர்கள் அடுத்த ஆறு மாதத்துக்குள் இறக்கும் அபாயம், இருதயம் எவ்வளவு பழுதுபட்டது என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும், மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடியிருந்தது. மனம் சோர்ந்த உடம்பில் கோர்ட்டிசோல் என்ற பதற்ற ஹோர்மோன் ஏறியே நிற்கும், அழற்சி கூடும், இரத்தத்தை உறைய வைக்கும் தட்டுக்கள் ஒட்டும் தன்மை கூடும். அதோடு சோர்ந்த மனிதர் குளிசையை மறக்கிறார், நடப்பதை விடுகிறார், ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

உங்கள் கடிதத்தில் இன்னொரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. படி ஏற விடுவதில்லை, சந்தைப் பையைத் தூக்க விடுவதில்லை, லைட் பில் கட்டும் வேலையையும் தம்பியே எடுத்துக்கொண்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பினால் செய்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஐம்பது வருடம் வீட்டை நடத்திய மனிதருக்கு இப்போது ஒரு நாளில் செய்ய என்ன மிச்சம்? 1976இல் அமெரிக்காவில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சின்னச் சின்ன முடிவுகளை அவர்களிடமே விட்டு, வளர்க்க ஒரு செடியும் கொடுத்தார்கள். மற்றப் பகுதியினருக்கும் செடி உண்டு, ஆனால் தண்ணீர் ஊற்றுவது தாதிமார். சில வாரங்களிலேயே, பொறுப்புக் கிடைத்தவர்கள் உற்சாகமாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தார்கள். லைட் பில்லை அப்பாவிடமே திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம், எவ்வளவு தூரம் நடக்கலாம், எத்தனை படி ஏறலாம், எவ்வளவு பாரம் தூக்கலாம் என்று இருதய கிளினிக்கில் வெளிப்படையாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். பல நோயாளிகள் டாக்டர் தடுக்காததையும் தாங்களாகவே தடுத்துக்கொள்கிறார்கள். நெஞ்சு கொஞ்சம் படபடத்தால் "திரும்ப வந்துவிட்டது" என்று நினைக்கிறார்கள். முதல் கிழமை பேப்பர் கடை வரைக்கும் நீங்களும் கூடவே போங்கள். அது பழகியதும், வெயில் ஏறுவதற்கு முன் மரைன் டிரைவ் பக்கம் கொஞ்ச தூரம்.

இரண்டு கிழமைக்கு மேல் இப்படியே இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதப்படி அந்தக் காலம் எப்போதோ தாண்டிவிட்டது. குளிசை கொடுத்தால் அடிமையாகிவிடுவாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். மனச்சோர்வுக் குளிசைக்கு அப்படி அடிமையாவதில்லை. ஆனால் டாக்டரைக் கேட்காமல் சடாரென்று நிறுத்தக் கூடாது. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தை ஹார்ட் அட்டாக் வந்தவர்களிடமே பரிசோதித்து, 2002இல் பாதுகாப்பானது என்று காட்டியிருக்கிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும். இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு இரத்தக்கசிவு அபாயம் சற்றுக் கூடலாம், வயதானவருக்குச் சோடியம் குறையலாம். ஆகவே எல்லாக் குளிசையையும் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. "வாழ வேண்டாம் போல இருக்கிறதா அப்பா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருந்தால், சொல்ல ஓர் ஆள் கிடைத்த ஆறுதல்தான் வரும். அப்படிச் சொன்னால் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

எனக்கு 66 வயது. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். இந்த வருடம் எவ்வளவு பத்தியம் இருந்தும் சீனி இறங்கவில்லை. கிளினிக்கில் ஏச்சு வாங்கி வாங்கி, இப்போது கிளினிக் நாள் நெருங்கினாலே அழுகை வருகிறது. சீனியால் மனம் சோர்கிறதா, மனம் சோர்வதால் சீனி ஏறுகிறதா?
(கொட்டாஞ்சேனை வாசகி)

இரண்டும் நடக்கிறது, அம்மா. கவலையும் பயமும் கூடும்போது அட்ரினலினும் கோர்ட்டிசோலும் சுரந்து, கல்லீரலில் சேமித்து வைத்த சீனியை இரத்தத்துக்குள் விடுகின்றன. ஒழுங்காகச் சாப்பிட்டும் காலையில் இலக்கம் ஏறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மறுபக்கம், நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால், உங்களுக்கு இருப்பது முழு மனச்சோர்வாக இல்லாமலும் இருக்கலாம். பேரப்பிள்ளை வந்தால் சந்தோஷமாக இருக்கிறது, கோயிலுக்குப் போனால் நிம்மதி, நித்திரையும் வருகிறது என்கிறீர்கள். மனம் உடைவது இலக்கத்தைப் பார்க்கும்போதும் ஏச்சு விழும்போதும்தான். வருடக்கணக்காக ஒரு வருத்தத்தைச் சுமந்து களைத்துப்போவது இது. மருத்துவத்தில் இதைத் தனியாக அளக்கக் கேள்விப் பட்டியலே உண்டு. இதற்குக் குளிசை தேவைப்படாது. பத்தியத்தை உங்கள் சமையலுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருவதும், ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றச் சொல்வதும், ஏசாமல் கதைப்பதும்தான் வைத்தியம். சோற்றை அறவே விடச் சொன்னால் யாராலும் முடியாது. இரவுக்கு இரண்டு இடியப்பம் குறைத்து ஒரு மரக்கறி கூட்டுங்கள் என்றால் முடியும்.

உங்கள் மேல் பிழை போடுவதற்கு முன் சில சோதனைகளைக் கேளுங்கள். பல வருடம் மெட்ஃபோர்மின் என்ற சீனிக் குளிசை எடுப்பவர்களுக்கு விட்டமின் பி12 குறையலாம். அது குறைந்தால் களைப்பும் சோர்வும் மறதியும் வரும், கால் விறைக்கும். தைரொயிட் குறைந்தாலும் இதே கதைதான். அதோடு, சீனி சடாரென்று இறங்கும்போது வரும் வியர்வையையும் படபடப்பையும் பயம் என்று நினைத்துவிடுகிறோம். அடுத்த முறை அப்படி வந்தால், முடிந்தால் முதலில் விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். இலக்கம் 70க்குக் கீழே என்றால் உடனே சீனித் தண்ணீர். குத்திப் பார்க்க வசதியில்லை என்றாலும் சீனித் தண்ணீரைக் குடித்துவிடுங்கள்.

அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கின் நடைமுறை எனக்குத் தெரியும். விடியற்காலையில் இலக்கம் எடுத்து, வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்து, கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை வாங்கில் இருக்க வேண்டும். டாக்டர் முன்னால் போகும்போது கிடைப்பது சில நிமிடம். அதிலும் சிங்களம் ஓடாதவர்கள் "சனீபய், டொக்டர்" (சுகம், டொக்டர்) என்று தலையாட்டிவிட்டு எழும்பிவிடுகிறார்கள். வீட்டிலேயே ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை கிழமையாக மனம் சரியில்லை, நித்திரை எப்படி, எந்தக் குளிசை எத்தனை நாள் விடுபட்டது. பேத்தியிடம் சொல்லிச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவித்தால் இன்னும் நல்லது. அந்தத் தாளைக் கொப்பிக்குள் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

இதற்குப் பலன் இருக்கிறது என்று நம்பியே சொல்கிறேன். சியாட்டில் பகுதியில் நடந்து 2010இல் வெளியான ஆய்வொன்றில், சீனி வருத்தமோ இருதய வருத்தமோ கட்டுப்படாமல், மனச்சோர்வும் இருந்த 214 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதியினருக்குத் தாதி ஒருவர் மனதையும் உடம்பையும் ஒன்றாகக் கவனித்து, தொடர்ந்து விசாரித்து, மருந்தைத் திருத்த உதவினார். ஒரு வருடத்தில் அவர்களுடைய மனச்சோர்வு, சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாமே மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தன.

அம்மாவுக்கு 79. மூன்று நாளாக இரவில் ஆளை மாற்றிக் கூப்பிடுகிறார், சுவரில் யாரோ நிற்பதாகச் சொல்கிறார். பகலில் தூங்கியபடியே இருக்கிறார். பக்கத்து வீட்டில் "அறளை பெயர்ந்துவிட்டது, வயதுக்கு அப்படித்தான்" என்கிறார்கள்.
(தெஹிவளை வாசகர்)

இதைப் படித்ததும் இன்றைக்கே களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். மூன்று நாளில் வருகிற குழப்பத்துக்கு உடம்பில் காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, சீனி இறக்கம், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய ஒரு குளிசை. காரணத்தைப் பிடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. எழுந்து நடக்க முடியாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூக்குக்கண்ணாடியையும், காது மெஷின் இருந்தால் அதையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் குழப்பம் குறையும்.

நித்திரைக்கு டயஸிபாம் எடுத்து நான்கு வருடம். இப்போது அது இல்லாமல் கண் மூடாது. நிறுத்தலாமா?
(மட்டக்குளி வாசகர், 73 வயது)

நிறுத்த வேண்டும், ஆனால் நீங்களாகச் சடாரென்று நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், பதற்றம், சில பேருக்கு வலிப்புக்கூட வரும். டாக்டர் கிழமைக் கணக்கில், மாதக் கணக்கில் அளவைக் குறைத்துத் தருவார். இந்த வயதில் இரவு பாத்ரூமுக்கு எழும்பி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு இந்தக் குளிசை ஒரு பெரிய காரணம். நான்கு வருடத்துக்கு முன் நித்திரை ஏன் போனது என்று யாராவது கேட்டார்களா? மனைவி தவறிய வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும், ஐயா.

பம்பலப்பிட்டியில் நான்காம் மாடியில் தனியாக இருக்கிறேன். மூன்று பிள்ளைகளும் கனடாவிலும் லண்டனிலும். காசுக்குக் குறைவில்லை, தினமும் வீடியோ கோல் எடுப்பார்கள். ஆனாலும் பின்னேரம் ஆனால் நெஞ்சை அடைக்கிறது. பிரஷர் ஏறுகிறது. முதியோர் இல்லத்துக்குப் போவது சரியா?
(வாசகி, 76 வயது)

முதலில் அந்த நெஞ்சடைப்பை ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுங்கள். மனதால்தான் வருகிறது என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். அடைப்பு வலியாகி, வியர்த்து, மூச்சு வாங்கினால் அந்த நேரமே 1990க்கு அழையுங்கள்.

தனிமை உடம்பைத் தாக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களோடு, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று, நல்ல உறவுகள் உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்று காட்டியது. வீடியோ கோல் நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் "சாப்பிட்டீங்களா, குளிசை போட்டீங்களா" என்று கேட்கிறார்கள், நீங்கள் "ஓம், சுகமாக இருக்கிறேன்" என்கிறீர்கள். அங்கே அவர்களைக் கவலைப்படுத்தக் கூடாது என்று மறைக்கிறீர்கள். இனி பின்னேரம் நெஞ்சை அடைப்பதைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கும் வேலையை அந்த கோலுக்குள் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவர்.

இல்லம் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மனநிலையில் வீட்டை விற்று முடிவெடுக்க வேண்டாம். மனம் தெளிந்த பிறகு, ஒரு இல்லத்தில் சில நாள் தங்கிப் பார்த்து முடிவு செய்யலாம். அதற்கிடையில், உங்களுக்குக் கஷ்டமான நேரம் பின்னேரம்தான் என்பதால் அந்த நேரத்தை நிரப்புங்கள். வஜிரா வீதிப் பிள்ளையார் கோயில் மாலைப் பூசை, வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன், கிராம சேவகர் பிரிவு முதியோர் சங்கம் என்று கைக்கெட்டும் தூரத்தில் இடம் இருக்கிறது. ஒவ்வொரு கிழமையும் ஒரே நாளில் ஒரே இடத்துக்குப் போங்கள். வராத நாளில் "ஏன் வரவில்லை" என்று கேட்க ஓர் ஆள் உண்டாக வேண்டும்.

காதையும் சோதியுங்கள். டெலிபோனில் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு மறதி நோய்க்குக் குறைக்கக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது கேட்பதில் குறைபாடு, மனச்சோர்வு, தனிமைப்படுதல், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் எல்லாம் அதே பட்டியலில்தான் இருக்கின்றன.

கணவருக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருடம். நான்தான் எல்லாம் பார்க்கிறேன். எனக்கும் 69 வயது, பிரஷர் இருக்கிறது. அவர் காரணமில்லாமல் அழுகிறார், என் மேல் கத்துகிறார். எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது, பிறகு அந்தக் கோபத்துக்காக அழுகிறேன்.
(மருதானை வாசகி)

உங்கள் கோபம் பாவம் இல்லை, அம்மா. இரண்டு வருடம் ஓய்வில்லாமல் ஓடினால் யாருக்கும் வரும்.

பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது தவிர, மூளை பாதிக்கப்பட்டதாலேயே அடக்க முடியாத அழுகை வருவதும் உண்டு. இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை டாக்டரே உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லட்டும்.

உங்கள் சொந்தக் கிளினிக் நாளை எத்தனை முறை தவற விட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பிரஷர் குளிசை முடிந்து இரண்டு கிழமை என்று ஒரு மூலையில் எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே போய் வாங்குங்கள். நீங்கள் போய்வரும் நேரம் மகன் லீவு எடுத்து அப்பாவோடு இருக்கட்டும். அதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். இனி கிழமையில் ஒரு பின்னேரம் மகனுடைய முறை என்று நாளையும் நேரத்தையும் குறித்து அவரிடம் கொடுங்கள். "முடிந்தபோது வா" என்றால் அது நடக்காது.