மில்லே இல்லாத ஊரில் ஓசோன் எங்கிருந்து வருகிறது?

கேட்டவர் காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம். சுற்றிலும் மாந்தோப்பு, ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். மதியமானால் செல்போன் ஆப்பில் 'ஓசோன் அதிகம்' என்று வருகிறதாம், ஆப் தப்பா என்கிறார்.

ஆப் சொல்லும் எண் வெறும் கணிப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் மதியம் ஏறுகிறது என்பதில் தப்பே இல்லை. நான் தருமபுரியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுப்பவன். "ஓசோன் நம்மைக் காப்பாற்றுவதுதானே சார்?" என்று வருஷா வருஷம் ஒரு பையனாவது கேட்பான். மேலே பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் காப்பாற்றும். மூக்குக்கு நேரே இருந்தால் நுரையீரலை அரிக்கும். பொருள் ஒன்றுதான்.

எந்தச் சைலன்சரும் ஓசோனைக் கக்குவதில்லை. தொப்பூர் கணவாயில் சேலத்துப் பக்கமிருந்து லோடு லாரி முக்கி முக்கி ஏறும்போது, இன்ஜின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகின்றன. அதில் நைட்ரஜன் டை ஆக்சைடு வெயில் பட்டு உடைகிறது. கழன்ற ஆக்சிஜன் அணு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு ஒட்டி ஓசோன் ஆகிறது. மிச்சமிருக்கும் நைட்ரிக் ஆக்சைடு சும்மா இருக்காது, அந்த ஓசோனையே தின்றுவிட்டுப் பழையபடி டை ஆக்சைடு ஆகிவிடும். இதோடு நின்றால் வரவும் செலவும் சரியாகி, ஓசோன் அதிகம் தேங்காது.

கணக்கைக் கெடுப்பது வேறு ஆவிகள். பெட்ரோல் பங்க் வாசனை, பெயின்ட் தின்னர், டூவீலர் புகை, குப்பை எரிப்பது, ஏன், வெயிலில் தைல மரம் விடும் ஆவிகூடத்தான். (மரத்தை வெட்டக் கிளம்பிவிடாதீர்கள், லாரிப் புகை இல்லாவிட்டால் மரம் விடும் ஆவியால் பெரிதாக ஓசோன் வராது.) இந்த ஆவிகள் வெயிலில் சிதைந்து, ஓசோனைச் செலவழிக்காமலே நைட்ரிக் ஆக்சைடைத் திரும்ப டை ஆக்சைடாக்கிவிடுகின்றன. தின்ன ஆளில்லாமல் ஓசோன் சேர்கிறது.

வகுப்பில் தயிர் உதாரணம் சொல்வேன். ஆவிகள் பால், லாரிப் புகை உறைமோர், வெயில் வெதுவெதுப்பு. ஒரு கரண்டி உறைமோர் போதும், சட்டி நிறைய உறையும். ஒரு சொம்பு மோரைக் கொட்டினால் தயிர் ஆகாது. லாரிப் புகை மண்டும் இடங்களில் நடப்பது இதுதான். கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையிலும் ஓசூர் சிக்னலிலும் ஓசோன் குறைவாகவே இருக்கும், புகையே அதைத் தின்றுவிடும். 2020 ஊரடங்கில் வண்டிகள் நின்றபோது பல நகரங்களில் ஓசோன் ஏறியதற்கு முக்கியக் காரணமும் இதுவே.

ஹைவேயில் புகை ஏறிய காற்று நகர்ந்து உங்கள் தோப்புக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு மூன்று மணி நேர வெயில் அதன்மேல் பட்டிருக்கும். ராத்திரியில் நகரத்து ஓசோனைப் புகை துடைத்துவிடும். உங்கள் ஊரில் துடைக்க ஆளில்லை. இலையிலும் மண்ணிலும் படிந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும்.

மாசி, பங்குனி, சித்திரையில் மேகமில்லாமல், காற்றும் அசையாமல் இருக்கும் நாட்களே மோசம். ஆடிக் காற்று வந்தால் கலைந்துவிடும். மழை கழுவிவிடும் என்பார்கள், அது தூசிக்குத்தான் பொருந்தும். ஓசோன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, மேகம் வெயிலை மறைப்பதால்தான் குறைகிறது.

நம் நாட்டு வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், ஒரு மணி நேரத்துக்கு 180. மாஸ்க் போட்டுப் பயனில்லை, இது வாயு. வீசிங் உள்ளவர்கள் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை தோப்பு வேலையைத் தள்ளிப்போடலாம். பயிரையும் விடாது. ராயக்கோட்டையில் மச்சான் பீன்ஸ் போட்டிருந்தார், இலையின் மேல்பக்கம் நரம்புக்கு நடுவே பொடிப் பொடியாகப் புள்ளி. ஓசோன் பட்டாலும் இப்படித்தான் வரும், சிலந்திப்பேன் தாக்கினாலும் கிட்டத்தட்ட இப்படித்தான். "இலையைத் திருப்பிப் பாருங்க மச்சான், அடியில பூச்சி இருந்தா மருந்தடிங்க"ன்னேன். அவர் திருப்பிப் பார்க்காமலே அடித்துவிட்டார்.

எங்கள் பள்ளியில் ஏப்ரல் மாத விளையாட்டுப் பயிற்சியைச் சாயங்காலம் மூன்றிலிருந்து காலை ஏழுக்கு மாற்றச் சொன்னேன். வெயிலுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துப் பி.டி. சார் ஒத்துக்கொண்டார். இருக்கட்டும்.