கேள்வி நேரம்: கேப் டவுனிலிருந்து விக்டோரியா அருவி வரை, லாரியில்

கேப் டவுனில் கிளம்பி, நமீபியா, போட்ஸ்வானா வழியாக ஜிம்பாப்வேயின் விக்டோரியா அருவியில் முடியும் மூன்று வாரக் குழுப் பயணம் பற்றி வந்த கேள்விகள் இவை. இருக்கை போட்ட பெரிய லாரி, இரவில் கூடாரம், கூடவே வரும் சமையல்காரர். வழக்கமான ஏற்பாடு இதுதான்.

பணத்தை முதலில் கட்டுவதா, விசாவுக்கு முதலில் ஓடுவதா? (வாசகி, திருச்சி)

முன்பணம் மட்டும் கட்டி, அந்த ரசீதோடு விசாவுக்கு விண்ணப்பியுங்கள். மீதியை எப்போது கட்ட வேண்டும், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பி வரும் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். விசா எடுப்பது உங்கள் பொறுப்பு. டூர் கம்பெனி கடிதம் தரும், அவ்வளவுதான்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விக்டோரியா அருவியிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வழியாகத்தான் பெரும்பாலும் திரும்புவார்கள். இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுக்க வெளியே வரவேண்டும். அது தென்னாப்பிரிக்காவுக்குள் இரண்டாவது நுழைவு. ஒருமுறை நுழைவு விசா கேப் டவுனிலேயே தீர்ந்துபோயிருக்கும். ஆகவே பலமுறை நுழைவு கேளுங்கள், அல்லது ஊர் வரை ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். அருவியை ஜாம்பியா பக்கமிருந்தும் பார்த்துவிட்டு வர நினைத்தால் ஜிம்பாப்வே விசாவும் இருமுறை நுழைவாக வேண்டும். ஒவ்வொரு எல்லையிலும் வெளியேற ஒன்று, நுழைய ஒன்று என முத்திரை விழும். பாஸ்போர்ட்டில் ஆறேழு பக்கமாவது காலியாக இருக்கட்டும். பிள்ளைகள் கூட வந்தால் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் கையில் வேண்டும்.

ஆதிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் பறப்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்கக் கூடாது. அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்கா சான்றிதழ் கேட்கும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். பயணத்துக்கு முந்தின வாரம் ஓடிப் பயனில்லை.

எந்த மாதம் நல்லது? (வாசகர், கோவை)

எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருக்காது. அருவியில் தண்ணீர் ஏப்ரல், மே மாதங்களில் மிக அதிகம். சாரலில் எதிர்ப்பக்கப் பாறைகூடச் சில நேரம் தெரியாது. அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் பெரும்பகுதி வெறும் பாறை. நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழை இல்லாததால் விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வரும். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ சதுப்பில் நடப்பது தலைகீழ்: அங்கோலா மலைகளில் பெய்த மழை மெல்ல நகர்ந்து, உள்ளூரில் சொட்டு மழை இல்லாத ஜூன்–ஆகஸ்ட்டில்தான் வெள்ளமாக நிரம்புகிறது.

எங்கள் தேர்வு ஜூன் கடைசி, ஜூலை. மூன்றுமே ஓரளவு கிடைக்கும். அதற்கு விலை குளிர். நமீப் பாலைவனத்தில் விடியற்காலை பூஜ்யத்தை நெருங்கும். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் போட்டிருக்கும் வெப்பநிலைகளில் சுகமாகத் தூங்கக்கூடியதைப் பாருங்கள். உயிர் தாங்கும் எல்லையைக் காட்டும் எண்ணை நம்பி வாங்கினால் இரவெல்லாம் நடுக்கம்தான். பள்ளி விடுமுறையை விட்டால் வழியில்லை என்பவர்களுக்கு மே மாதம் மோசமில்லை. எட்டோஷாவில் மட்டும் விலங்குகள் சற்றுச் சிதறியிருக்கும்.

நாங்கள் சைவம். வேலையும் முறைவைத்துச் செய்யச் சொல்வார்களாமே? (வாசகி, மதுரை)

பட்டினி இருக்காது, அலுப்பு இருக்கும். பதிவுப் படிவத்தில் 'சைவம்' என்று மட்டும் எழுதினால் மீன் வந்துவிடும். இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம், பால் தயிர் சரி என்று விரித்து எழுதுங்கள். பாஸ்தா, டின்னில் வரும் பீன்ஸ், கொண்டைக்கடலை அடிக்கடி வரும். மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் கிண்டிய பாப் நம் களிக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஜிம்பாப்வேயில் அதற்கு சட்ஸா என்று பெயர். பருப்புப் பொடியும் ஊறுகாயும் இருந்தால் இரண்டுமே இறங்கும். கரிநெருப்பில் இறைச்சி வாட்டும் 'பிராய்' இரவுகளில், கம்பிவலையில் இறைச்சி ஏறுவதற்கு முன்பே உங்கள் காய்கறியை அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்துவிடுங்கள்.

பச்சைக் கறிவேப்பிலை, பழம், பால் பொருட்களை எல்லை தாண்டி எடுத்துப் போகாதீர்கள். கோமாரி நோயைத் தடுக்கப் போட்ட கால்நடை வேலிகள் நமீபியாவிலும் போட்ஸ்வானாவிலும் உண்டு. அந்தச் சோதனைச் சாவடிகளில் இறைச்சி, பால் பொருட்களைப் பறிப்பார்கள். காலணியை மருந்துநீரில் நனைத்து நடக்கச் சொல்வார்கள்.

வேலை என்றால் காய் நறுக்குவது, லாரி கூட்டுவது, பாத்திரம் கழுவுவது. மூன்று பேசின்: சோப்புச் சுடுநீர், அலசும் நீர், கிருமிநாசினி நீர். தம்ளர், தட்டு முதலில், எண்ணெய்ச் சட்டி கடைசியில். சட்டியை முதலில் போட்டால் அந்தப் பிசுக்கு எல்லாத் தட்டிலும் ஏறும். பிறகு துணியால் துடைக்கக் கூடாது. தட்டைக் காற்றில் வீசி உலர்த்த வேண்டும். விளையாட்டாகத் தோன்றும். ஆனால் ஒரே ஈரத்துணி போதும், ஒருவர் வயிற்றுப்போக்கு லாரி முழுக்கப் பரவ.

வயது 61, முழங்கால் வலி. முடியுமா? (வாசகர், சேலம்)

நடையைவிட, லாரியின் உயரமான படிகளும் தரையில் படுத்து எழுவதும்தான் சோதனை. வீட்டில் மெல்லிய பாயில் நான்கு இரவு படுத்துப் பாருங்கள். சரிப்படாவிட்டால் அதே வழியில் அறையில் தங்கும் பயணங்களும் உண்டு. லாரியில் பின் அச்சுக்கு மேலுள்ள இருக்கையைத் தவிருங்கள். நமீபியாவின் சரளைச் சாலை அலையலையாக இருக்கும், குலுக்கல் அங்கேதான் அதிகம்.

நமீப் பாலைவனத்தின் சோசஸ்வ்லே மணல்மேடுகளுக்கு, அந்தப் பூங்காவின் செஸ்ரியம் வாயிலுக்குள் இருக்கும் முகாமில் தங்குகிறார்களா என்று கேளுங்கள். உள்ளே தங்கியவர்களைச் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே விடுவார்கள். வெளியே தங்கினால் உதயத்தை வாயிலில் நின்றுதான் பார்க்க வேண்டும். கடைசி 5 கிலோமீட்டர் மணலில் லாரி போகாது. நான்கு சக்கர இயக்க வண்டிக்குத் தனிக் கட்டணம்.

வேலியில்லாத முகாம்களில், குறிப்பாக ஒகவாங்கோவில், இரவில் கழிப்பறைக்குக் கிளம்புமுன் கூடாரத்திலிருந்தே டார்ச் அடித்துச் சுற்றிப் பாருங்கள். பளபளக்கும் கண்கள் தெரிந்தால் ஜிப்பை மூடிவிட்டுக் காத்திருங்கள். காலணியை உள்ளே வையுங்கள். குள்ளநரி தூக்கிப் போய்விடும்.

மலேரியா மாத்திரை? (வாசகி, தஞ்சாவூர்)

கேப் டவுன், நமீப் பகுதிக்குத் தேவையில்லை. வட நமீபியா, ஒகவாங்கோ, போட்ஸ்வானாவின் சோபே, அருவிப் பகுதிகளுக்கு மருத்துவரைக் கேளுங்கள். டாக்ஸிசைக்ளின் தந்தால் அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். வெயிலில் தோல் எளிதில் கன்றும். அட்டோவாகுவோன்–புரோகுவானில் மாத்திரைக்கு விலை கூடுதல், பின்னர் ஏழு நாள் போதும்.

சார்ஜருக்கு என்ன பிளக், கையில் என்ன பணம்? (வாசகர், திருநெல்வேலி)

தென்னாப்பிரிக்காவின் பழைய, பெரிய மூன்று துளை சாக்கெட் நம் வீட்டு ஏசி, கீசருக்குப் போடும் 15 ஆம்பியர் சாக்கெட்தான். அந்தப் பெரிய சாக்கெட்டில் செருகி, சின்ன பிளக்கை ஏற்கும் அடாப்டர் நம் மின்சாமான் கடையிலேயே கிடைக்கும். நமீபியாவிலும் அது உதவும். ஜிம்பாப்வேயில் சதுர முள் பிளக்கும் உண்டு, அதையும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நமீபியாவில் தென்னாப்பிரிக்க ராண்டு அதே மதிப்பில் செல்லும். நமீபிய டாலர் தென்னாப்பிரிக்காவில் செல்லாது, எல்லைக்கு முன்பே செலவழித்துவிடுங்கள். போட்ஸ்வானாவில் பூலா. ஜிம்பாப்வேக்கு அமெரிக்க டாலர், கிழிசலோ பேனாக் கிறுக்கலோ இல்லாத நோட்டுகளாக. ஒன்று, ஐந்து, பத்தாக மாற்றிப் போங்கள். இருபதை நீட்டினால் பல இடங்களில் சில்லறை கிடைக்காது. ராணுவப் புள்ளி போட்ட சட்டை, தொப்பியை ஜிம்பாப்வேக்குக் கொண்டே போகாதீர்கள், அங்கே அது சட்டப்படி குற்றம்.