வால்நட் மரத்துக்கிட்ட தக்காளி வாடுறது

தக்காளிச் செடி ஏன் வாடுதுன்னு கேட்டிருந்தீங்க. தண்ணி பிரச்சனை இல்லங்க, பக்கத்து வீட்டுல நிக்குதுன்னு சொன்னீங்களே கருப்பு வால்நட் மரம், அதுதான் பெரும்பாலும் காரணம். அதோட வேர், இலை, காய்த்தோல் எல்லாத்துலயும் ஜுக்லோன்னு ஒரு கெமிக்கல் இருக்கு, தக்காளி கத்திரி மிளகாய் உருளை எதுக்கும் அது ஆகாது, 50 அடி தள்ளி வச்சாலும் சில சமயம் அடி வாங்கும், அமெரிக்காவுல ஒஹாயோ வந்த புதுசுல நானும் ரெண்டு சீசன் தண்ணியா ஊத்தி கடுப்பானவன்தான்.

ஒரு செக் பண்ணுங்க. வாடின தண்டை அடியில வெட்டி கிளாஸ் தண்ணியில நிறுத்துங்க, பால் மாதிரி நூலா இறங்கினா அது பாக்டீரியா வாடல், மரத்தை திட்டாதீங்க. இறங்கலைன்னாலும் பூஞ்சை வாடலா இருக்க சான்ஸ் உண்டு.

மரத்தை வெட்டினா உடனே சரியாகாது, செத்த வேர் மக்குற வரை வருஷக்கணக்கா விஷம் இருக்கும். தக்காளிய பெரிய தொட்டியில, வால்நட் இலை வந்து விழாத பக்கமா வைங்க. தரையில பீன்ஸ், வெங்காயம், கேரட் போடலாம், அதுங்க கண்டுக்காது.