பறிக்கக் கை வராத காய்

வணக்கம் ஐயா,

தை மாதக் கடைசியில் மொட்டைமாடியில் 14 பை வைத்தேன். வெண்டை 6, கத்தரி 3, தக்காளி 4, பீர்க்கை ஒன்று. பங்குனி பிறந்ததும் வெண்டை காய்க்க ஆரம்பித்தது. முதல் மூன்று காய்களைப் பறிக்க எனக்குக் கை வரவில்லை. தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன், போட்டோ எடுப்பேன், இறங்கி வந்துவிடுவேன். 11 நாள் ஆகிவிட்டது, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். “காய்க்குக் காவலா இருக்க?” என்று மாமியார் கேலி செய்கிறார். காய்களைக் காலையில் பறிப்பதா, மாலையிலா? தக்காளி செடியிலேயே பழுக்கட்டும் என்று விடலாமா? பீர்க்கைக்குத் தினமும் காலையில் ஆண்பூவை எடுத்துப் பெண்பூவில் தொட்டு வைக்கிறேன், அப்படியும் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது. இதையெல்லாம் விட ஒன்று. ஆசையாக வளர்த்ததைப் பறிக்கும்போது மனசு கனக்கிறதே, உங்களுக்கு அப்படி இருந்ததுண்டா?

ம., குரோம்பேட்டை

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் காய்கறிக் கடையில் எனக்கும் கடைப் பையனுக்கும் ஒரு சின்னச் சண்டை. வெண்டைக்காய்க் குவியலுக்கு மேலே “நுனியை ஒடிக்காதீர்கள்” என்று அட்டையில் எழுதிச் செருகியிருந்தார்கள். நான் ஒடித்தேன். ஐம்பது வருடப் பழக்கம், கை கேட்காது. ஐந்தில் மூன்று ஒடியவில்லை, ரப்பர் மாதிரி வளைந்தன. “ஒடிச்சா அப்புறம் யார் சார் வாங்குவா?” என்றான். “ஒடியாததை யாருப்பா வாங்குவா?” என்றேன். வாங்காமலே வீட்டுக்கு வந்து கடிதத்தைத் திறந்தால், 11 நாள் வெண்டைக்காய்!

கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். காலையில் பறியுங்கள். பங்குனி வெயிலில் மாலைக்குள் எல்லாமே துவண்டுவிடும். விடியலில்தான் காயில் தண்ணீர் நிறைந்திருக்கும். தக்காளி செங்காயாக நிறம் திரும்பியதுமே பறித்துச் சமையலறை மேடையில் வையுங்கள், தானாகப் பழுக்கும். செடியில் விட்டால் அணில் தின்னும். இந்த வெயிலில் சிவப்பும் சரியாக ஏறாது, மஞ்சளும் ஆரஞ்சுமாக நிற்கும். பிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், வாசனை போய்விடும். பீர்க்கம்பூ விரிவது சாயங்காலம். நீங்கள் மறுநாள் காலையில் போய்த் தொட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கடை சாத்தியபிறகு கடைக்குப் போவது போல. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போங்கள்.

சரி, இப்போது வெண்டைக்கு வருவோம்.

தாயி, நீங்கள் மாடியில் தோட்டம் போடவில்லை, கொலு வைத்திருக்கிறீர்கள். கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. மாடித்தோட்டக்காரர்கள் பலரிடமும் இதைப் பார்க்கிறேன். தென்னைநார்க் கழிவு எத்தனை பங்கு, மண்புழு உரம் எத்தனை பங்கு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் வீட்டிலேயே புளிக்கவைக்கிற தீவிரம், பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வந்தாலும் குறையாது. எல்லாம் தெரியும், பறிக்க மட்டும் தெரியாது. முழங்கை நீளச் சுரைக்காயைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். நகம் இறங்காத சுரைக்காயை என்ன செய்வது, குடுக்கைதான் செய்யலாம். “கத்தரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வரத்தான் வேணும்” என்கிறார்கள். முற்றிய கத்தரிக்காயைக் கடைத்தெருவில் யார் வாங்கினார்கள் என்று அந்தப் பழமொழி சொல்வதில்லை. தோல் பளபளப்பாக இருக்கும்போதே காம்போடு வெட்ட வேண்டும். மங்கிவிட்டால் உள்ளே விதைதான்.

ஒரு வெண்டைப் பூவைக் கவனித்துப் பாருங்கள். வெளிர்மஞ்சள் இதழ், அடியில் அரக்குச் சிவப்பு. காலையில் விரியும், சாயங்காலம் சுருண்டுவிடும். அடுத்த நாள் சுருங்கிய இதழ் பிஞ்சின் நுனியில் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், அப்புறம் உதிரும். அங்கிருந்து ஐந்தாம் நாள், மிஞ்சினால் ஆறாம் நாள், காய் பறிக்கிற பதம். ஆள்காட்டி விரல் நீளம். எட்டாம் நாள் நார் ஓடிவிடும். நீங்கள் 11 நாள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்! அந்தச் செடிக்கு உங்கள் சாம்பாரைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. அதற்கு வேண்டியது விதை. மூன்று காய் முற்றத் தொடங்கினால் தின்கிற சத்தையெல்லாம் அங்கே அனுப்பிவிட்டு மேலே வரும் பூவைக் குறைத்துக்கொள்ளும். பறித்துவிட்டால் “ஐயோ, விதை போச்சே” என்று திரும்பவும் பூக்கும். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால் உங்கள் ஆறு செடியில் தடவைக்கு ஒரு கைப்பிடி கிடைக்கும். ஒரு பொரியலுக்குக் காணாது, புளிக்குழம்புக்குப் போதும். செடியின் மேல் உள்ள பிரியத்தில் பறிக்காமல் விட்டதாக நினைக்கிறீர்கள். பெயர்தான் பிரியம். செடியைப் பொறுத்தவரை “போதும், நிறுத்திக்கொள்” என்று நீங்கள் சொன்னதாகத்தான் கணக்கு.

இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால் அது நான் தின்று கற்றது. ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் கிணற்றுப் பாசனம். தைப்பட்டத்தில் பாதி வெண்டை. பள்ளிக்கூடம் போகும்முன் பறித்து முடிக்க வேண்டும். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, விரலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு இறங்குவேன். அப்படியும் சுணை ஏறும். கழுத்து, காது மடல், முழங்கை மடிப்பு எல்லாம் அரிக்கும். (வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பார்கள். அத்தனை தின்றும் நான் கணக்கில் 35ஐத் தாண்டியதில்லை.) ஒருநாள் அரிப்புத் தாங்காமல் கடைசி இரண்டு பாரை (செடி வரிசையை) விட்டுவிட்டு, பறித்தாகிவிட்டது என்று அப்பத்தாவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த பறிப்புக்கு அந்தப் பாரில் இறங்கியது அப்பத்தா. சந்தைக்குப் போகிற கூடையில் முற்றல் கலந்தால் மண்டிக்காரர் நாலு காயை ஒடித்துப் பார்த்துவிட்டு மொத்தக் கூடைக்கும் விலையை இறக்கிவிடுவார். அதனால் முற்றலை எல்லாம் தனியாக மடியில் கட்டிக்கொண்டு வந்தது. திட்டவில்லை, அடிக்கவில்லை. அன்று ராத்திரி குழம்பு வைத்தது. எல்லோருக்கும் தட்டில் பிஞ்சு, எனக்கு மட்டும் முற்றல். மென்றேன், மென்றேன், வாயில் கயிறுதான் மிஞ்சியது. துப்பப் போனால் கையைப் பிடித்துக்கொண்டது. “நீ விட்டு வச்சதுதானே? நீயே தின்னு.” நாலு நாள் அதே குழம்பு.

அதற்கப்புறம் நான் ஒரு காயை விட்டதில்லை. அதுதான் வினையாகப் போனது.

மனம் கனத்ததுண்டா என்று கேட்டீர்கள். ஒருமுறை, அந்த வருடமே. வாய்க்கால் ஓரத்தில் ஒரு செடி, மற்றதைவிட ஒரு முழம் உயரம், அடியிலிருந்தே கிளைத்து நெருக்கமாகக் காய்த்தது. அதில் மூன்று காய்களில் அப்பத்தா தன் பழைய சேலையிலிருந்து கிழித்த சிவப்புத் துணியைக் கட்டியிருந்தது. விதைக்கு விட்ட காய். அது செடியிலேயே காய்ந்து பழுப்பாகி, வரிவரியாக வெடிக்கத் தொடங்குகிறபோது வெட்டி, அடுப்புக்கு மேலே கொத்தாகக் கட்டித் தொங்கவிடும். புகை படிந்தால் வண்டு அண்டாது. எனக்குத் துணி கண்ணில் படாமல் இல்லை. பட்டது. முற்றலைத் தின்ற நாலு நாள்தான் மனதில் நின்றது. மூன்றையும் அறுத்து, துணியை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “ஒண்ணுகூட விடல அப்பத்தா” என்று பெருமையாகப் போய் நின்றேன். காயை நகத்தால் பிளந்து பார்த்தது. விதை இன்னும் வெள்ளையாக, பாலாக இருந்தது. “விதைக்காய்டா” என்றது. அவ்வளவுதான் சொன்னது. செடியெல்லாம் அப்போதே ஓய்ந்துகொண்டிருந்தது, மறுபடி விதைக்கு விட நாள் இல்லை. ஆடியில் அந்த மனுஷி, யாரிடமும் உப்புக்கூடக் கடன் கேட்காதவள், பங்காளி வீட்டு வாசலில் போய் நின்று ஒரு சிரட்டை வெண்டை விதை வாங்கி வந்தது. நான் பின்னாலேயே போனேன். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த விதையும் காய்த்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வீட்டு வெண்டை அந்த வருடத்தோடு போய்விட்டது. ஐந்து பட்டையாக, குட்டையாக, வெளிர்பச்சையாக இருக்கும். அப்புறம் எங்கேயும் நான் அதைப் பார்க்கவில்லை.

ஆகவே சாண் நீளமான உங்கள் மூன்று காய்களையும் வெட்டி எறியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதைப் பாக்கெட்டைத் தேடி எடுங்கள். எஃப்1, கலப்பினம் என்று போட்டிருந்தால் வைத்துப் பயனில்லை, அதன் பிள்ளை தாயைப் போல வராது. இன்றைக்கே வெட்டி உரக்குழியில் போடுங்கள். நாட்டுவிதையோ, அர்கா அனாமிகா மாதிரி விதை எடுத்து வைக்கக்கூடிய ரகமோ என்றால், இலை நரம்பு மஞ்சளாகாத நல்ல செடி எதில் காய் இருக்கிறதோ அதில் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கத்தரியால் வெட்டுங்கள். இழுத்துப் பிய்த்தால் பட்டை உரிந்துவிடும். விட்ட காயில் சிவப்பாக ஒரு துணி கட்டுங்கள். வைகாசி வரை அது அங்கேயே இருக்கட்டும். போட்டோ எடுக்க வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரிடம் மட்டும் மறக்காமல் சொல்லி வையுங்கள். நீங்கள் ஊருக்குப் போயிருக்கிற நாளில் அவர் மாடி ஏறினால், அந்தக் காய் நிச்சயம் கூடைக்கு வந்துவிடும்.