இரும்புத் தூணுக்கு எதற்கு உப்பிக்கொள்ளும் பெயின்ட்?

கேள்வி: பின்னலாடை குடோன் கட்டுகிறோம். இரும்புத் தூண்களுக்கு, தீப்பிடித்தால் உப்பிக்கொள்ளும் பெயின்ட்டை அடித்தே ஆக வேண்டும் என்கிறார் இன்ஜினீயர். சாதாரண பெயின்ட்டைவிட விலை பல மடங்கு. இரும்புதான் எரியாதே, பிறகு எதற்கு இது?
– வாசகி, திருப்பூர்

பதில்: அடியுங்கள் அம்மா, யோசிக்க வேண்டாம். இரும்பு எரியாது, வாஸ்தவம். ஆனால் கொல்லுப்பட்டறையில் பார்த்திருப்பீர்களே, உருகாமலேயே அது எப்படி வளைகிறது என்று. உருக ஏறக்குறைய 1500 டிகிரி வேண்டும். 600 டிகிரியை நெருங்கும்போதே தூணின் பலத்தில் பாதி போய்விடும். கட்டடத் தீயைப்போலச் சூடேற்றிப் பார்க்கும் சோதனைக் கூடத்து உலையில் அரை மணி நேரத்தில் சூடு 800 டிகிரியைத் தாண்டுகிறது. உங்கள் குடோனிலோ துணியும் அட்டைப்பெட்டியும்.

தீபாவளிக்குப் பாம்பு மாத்திரை கொளுத்தியிருப்பீர்கள். இந்தப் பூச்சு வளர்வதும் அப்படித்தான், மருந்து மட்டும் வேறு. 200 டிகிரியைத் தாண்டியதும் அதிலுள்ள அம்மோனியம் பாலிபாஸ்பேட் என்ற ரசாயனம் அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம், பூச்சிலேயே இருக்கும் பென்டாஎரித்ரிட்டால் என்ற பொருளைக் கரியாக்கும். மூன்றாவது சரக்கான மெலமின் வாயுவாகி, இளகியிருக்கும் கரியை ஊதிவிடும். ஒரு மில்லிமீட்டர் பூச்சு சில சென்டிமீட்டர் கரிநுரையாகித் தூணைப் போர்த்திக்கொள்ளும். உள்ளே இருப்பவர்கள் வெளியேற ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று அவகாசம் கிடைக்கும்.

2005 பிப்ரவரியில் மாட்ரிட் நகரின் விண்ட்சர் கோபுரம் எரிந்தது. இரும்புத் தூண்களுக்குத் தீப்பாதுகாப்பு வேலை அப்போதுதான் கீழிருந்து நடந்து கொண்டிருந்தது. வேலை எட்டாத 17ஆவது மாடிக்கு மேலே வெளிப்புறத் தூண்கள் மடங்கிச் சரிந்தன. கீழ்ப்பகுதி நின்றது, இடையில் இருந்த கனமான கான்கிரீட் தளமும் அதற்கு உதவியது.

சரி, பணம் கொடுத்தால் மட்டும் போதாது. மெல்லிய தோசைக்கல் சீக்கிரம் காய்வதுபோல மெலிந்த தூணும் சீக்கிரம் சூடாகும். அதனால் அதற்குத்தான் பூச்சு தடிமனாக வேண்டும். எல்லாத் தூணுக்கும் ஒரே அளவு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உப்புவதற்கு இடமும் தேவை. தூணை ஒட்டி இறுக்கமாகத் தகரம் அடிக்கக் கூடாது.

26 வருடமாகப் பூச்சுகளைப் பரிசோதித்து வருகிறேன். கோவைப் பக்கம் ஒரு சைட்டில், பெயின்ட் வேலை முடிந்த பிறகு கேபிள் கிளாம்ப் மாட்டத் தூண்களில் வெல்டிங் வைத்துவிட்டார்கள். 11 தூண்களில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு கருகிவிட்டது. அதன்மேல் சாதாரண பெயின்ட்டைத் தடவி மறைத்திருந்தார்கள். பூச்சு 900 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) இருக்க வேண்டிய இடத்தில், தடிமன் அளக்கும் என் மீட்டர் 120 காட்டியது. வயிறு எரிந்தது எனக்கு. அந்தக் கூரைக்கு அடியில் தினமும் பெண்கள் உட்கார்ந்து பிசிறு வெட்டப்போகிறார்கள்.

எனவே வெல்டிங் வேலை முழுவதும் முடிந்த பிறகே பூச்சு. அடியில் பூசும் பிரைமரும் மேலே பூசும் டாப் கோட்டும் அதோடு ஒத்துப்போவதாக பெயின்ட் கம்பெனியிடம் எழுதி வாங்குங்கள். டாப் கோட் அடிக்கும் முன்பு ஒவ்வொரு தூணிலும் மீட்டர் வைக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.