ஐ.எஸ்.பி.என். எண்ணோடு புத்தகம் போட்டால் வேலை கிடைக்குமா?

கேள்வி: எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நான்காம் பருவத்தில் தனியாக ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். ஆசிரியர் வேலையில் விருப்பமில்லை. பதிப்பகத்தில் பிரதி திருத்துவது, மொழிபெயர்ப்பது போன்ற வேலைக்குப் போக ஆசை. ‘சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை’ என்ற தலைப்பைத் துறையில் கொடுத்திருக்கிறார்கள். 7,500 ரூபாய் கட்டினால் ப்ராஜெக்டை ஐ.எஸ்.பி.என். எண்ணோடு புத்தகமாக்கித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. வேலை தேடும்போது அது உதவுமா? பணம் கட்டலாமா?
— வாசகி, திருநெல்வேலி

கட்டாதீர்கள். வேலைக்கு அது உதவாது. சில இடங்களில் கெடுக்கவும் செய்யும்.

ஐ.எஸ்.பி.என். என்பது 13 இலக்கம் கொண்ட ஓர் அடையாள எண். வண்டிக்குப் பதிவெண் எப்படியோ புத்தகத்துக்கு இது அப்படி. இந்தியாவில் இதை வழங்குவது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. கட்டணம் கிடையாது. பதிப்பகம்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை, எழுதியவரே இணையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். எண் இருப்பதால் நூலை யாரோ படித்துப் பார்த்துத் தரம் சொன்னார்கள் என்று பொருளாகாது. அரசு இலவசமாகக் கொடுக்கும் ஓர் எண்ணைக் காட்டித்தான் உங்களிடம் 7,500 ரூபாய் கேட்கிறார்கள்.

அந்தப் பணத்துக்கு என்ன செய்வார்கள்? நீங்கள் கொடுக்கும் வேர்டு ஃபைலை ஒரு வரிகூடப் படிக்காமல் பி.டி.எஃப். ஆக்கி, டிஜிட்டல் அச்சில் பத்துப் பிரதி எடுத்து, ஒரு சான்றிதழோடு அனுப்புவார்கள். பிறகு நீங்கள் ஒரு நல்ல பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை கேட்டுப் போகிறீர்கள். அங்கே இருப்பவர் உங்கள் புத்தகத்தைப் புரட்டுகிறார். நான்காம் பக்கத்தில் மூன்று ஒற்றுப்பிழை, உள்ளடக்கத்தில் ஒரு பக்க எண், உள்ளே வேறொரு எண். பிழை திருத்தும் வேலைக்கு வந்தவர் பிழையோடு தன் பெயரில் புத்தகம் போட்டிருந்தால், பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இதே வியாபாரத்தின் தங்கை ஒன்று உண்டு: ‘தொகுப்பு நூலில் ஒரு கட்டுரைக்கு இவ்வளவு’, ‘யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்ற இதழில் ஒரே வாரத்தில் வெளியீடு’ என்று வாட்ஸ்அப்பில் வருவது. யு.ஜி.சி.-கேர் என்ற ஆய்விதழ்ப் பட்டியலையே யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2025இல் கைவிட்டுவிட்டது. இன்றும் அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர் உங்கள் அறியாமையை நம்பித்தான் கேட்கிறார். மூன்றாவது ஆள் பல்கலைக்கழக வாசலிலேயே இருக்கிறார். தலைப்பைச் சொன்னால் போதும், எண்பது பக்கம் தயாராகக் கிடைக்கும். அதே எண்பது பக்கம் வேறு கல்லூரிகளுக்கும் போயிருக்கும்.

பணத்தைவிடக் கையெழுத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். இந்த நிறுவனங்களின் படிவத்தில் ‘படைப்பின் பதிப்புரிமை முழுவதையும் நிரந்தரமாக வழங்குகிறேன்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதியதன் முதல் உரிமையாளர் நீங்கள்தான். எழுத்தில், கையெழுத்தோடு கொடுத்தால் ஒழிய அந்த உரிமை கைமாறாது. கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே கொள்கிறது. அந்தப் பாதுகாப்பைத் தட்டிப் பறிக்கத்தான் ‘நிரந்தரமாக’, ‘உலகெங்கும்’ என்ற சொற்களைப் போடுகிறார்கள். படிவத்தில் இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் பேனாவை மூடிவிடுங்கள். நேர்மையான ஏற்பாட்டில் பணம் எழுதுபவரை நோக்கி வரும். மத்திய அரசு 2021இல் தொடங்கிய பி.எம். யுவா திட்டத்தில் தேர்வான 30 வயதுக்குட்பட்ட எழுத்தாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வீதம் ஆறு மாதம் உதவித்தொகை, நூல் வந்தால் ராயல்டி. எழுதுபவர் பணம் கட்டும் இடம் எதுவானாலும் அங்கே அவர் வெறும் வாடிக்கையாளர்.

இனி உங்கள் ப்ராஜெக்ட். துறை கொடுத்த தலைப்பு மோசமானது இல்லை. ஆனால் பலமுறை அரைத்த மாவு. அதை எழுதி முடித்தாலும் உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று ஒரு பதிப்பகத்தாருக்குத் தெரியாது. நம் துறைகள் ரெக்ஸின் அட்டை, பொன் எழுத்து, எத்தனை பிரதி என்பதில் காட்டும் கண்டிப்பில் பாதியையாவது, அந்தப் பிரதியை யார் தட்டச்சு செய்தார், யார் திருத்தினார் என்று கேட்பதில் காட்டலாம். பெரும்பாலும் அது பக்கத்துத் தெரு டி.டி.பி. கடையின் வேலை. மாணவி சம்பளத்துக்குச் செய்யப்போகும் வேலையையே கடைக்காரரிடம் கொடுக்க விடுகிறோம்.

வழிகாட்டியிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நாட்டுடைமையாக்கப்பட்ட ஓர் எழுத்தாளரின் சிறிய நூல் ஒன்றை எடுத்து, பிழை நீக்கிய பதிப்பாகக் கொண்டுவந்து, அதற்கு ஆய்வு முன்னுரை எழுதுவது. பழைய நூல்களைச் செம்மையாகப் பதிப்பிப்பது பற்றிய ‘பதிப்பியல்’ தமிழ்த் துறைக்கு அந்நியமான சொல் இல்லை என்பதால் மறுப்பது கடினம். டெமி அளவில் 96 பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். அச்சுத் தொழிலில் 16 பக்கம் ஒரு ஃபாரம், அந்தக் கணக்கில் அது ஆறு ஃபாரம். ஒரு பருவத்துக்கு அதுவே அதிகம்.

நாட்டுடைமை என்பதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். சாதாரணமாக ஓர் எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். மயிலை சீனி. வேங்கடசாமி 1980இல் இறந்தார். அந்தக் கணக்குப்படி 2040 முடிய அவர் நூல்களைத் தொட முடியாது. ஆனால் தமிழக அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து அவற்றை நாட்டுடைமையாக்கியிருப்பதால் யார் அனுமதியும் இன்றி இப்போதே பதிப்பிக்கலாம். வெ. சாமிநாத சர்மாவுக்கும் அப்படியே. இந்தச் சலுகை அந்த எழுத்தாளர் எழுதியதற்கு மட்டும். அண்மைப் பதிப்பில் வேறொரு பேராசிரியர் எழுதிய முன்னுரை, அடிக்குறிப்பு, அருஞ்சொற்பொருள் எல்லாம் அந்தப் பேராசிரியருடையவை, எடுக்கக் கூடாது. அட்டை ஓவியம் ஓவியருடையது. நாட்டுடைமை எழுத்தாளர் இன்னொருவரின் நூலை மொழிபெயர்த்திருந்தால் மொழிபெயர்ப்புக்குத்தான் விடுதலை, மூல நூலாசிரியரின் உரிமை தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைப்பதும் நாட்டுடைமையும் ஒன்று இல்லை. பதிப்புரிமை போனாலும் ஆசிரியர் பெயரை எடுக்கவோ, கருத்து மாறும்படி வெட்டி அவர் பெயரிலேயே போடவோ உங்களுக்கு அதிகாரம் வராது. ஆகவே, கிடைப்பதில் மிகப் பழைய பதிப்பை மூலமாக வையுங்கள். மற்றவர் சேர்த்தவை அதில் குறைவாக இருக்கும்.

பழைய பதிப்புக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையோ பாருங்கள். தமிழ் விக்கிமூலத்திலும் நாட்டுடைமை நூல்களின் ஸ்கேன்கள் ஏராளம். கணினி படித்துக் கொடுத்த எழுத்துப் பகுதி பக்கத்திலேயே இருக்கும். ஒரு பக்கத்தைத் திருத்தி முடித்தால் அது மஞ்சள் நிறமாகும். வேறொருவர் சரிபார்த்த பிறகுதான் பச்சை. எந்தப் பக்கத்தில், எந்தத் தேதியில், எதை மாற்றினீர்கள் என்பதெல்லாம் உங்கள் பயனர் பெயரோடு நிரந்தரமாகப் பதிவாகும். பொன் எழுத்து அட்டை சொல்லாததை அந்தப் பதிவு சொல்லும். வேலை கொடுப்பவர் திறந்து பார்த்துச் சோதிக்க முடியும்.

கணினி படித்த எழுத்தில் என்னென்ன தவறும் என்று முன்பே தெரிந்தால் பாதி வேலை மிச்சம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா ஆகியவற்றின் வடிவமே வேறு. அங்கெல்லாம் கணினி தடுமாறும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ உட்கார்ந்திருக்கும். ‘ஔ’ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியே வந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ‘ஔவை’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. எல்லாவற்றையும் யூனிகோடிலேயே செய்யுங்கள், விசைப்பலகை தமிழ் 99. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டாதீர்கள், பிறகு மாற்றிச் சரிபார்க்கும் வேலை கூடும்.

மெய்ப்பு மூன்று முறை. முதல் முறை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பழக்கமில்லாத கண்ணுக்கு மணிக்கு ஐந்து பக்கம் என்று வையுங்கள். 96 பக்கத்துக்குச் சுமார் 20 மணி நேரம். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்க்காதீர்கள், கண் தானே பிழையைச் சரியாக்கிப் படித்துவிடும். இரண்டாம் முறை ஒரு வாரம் இடைவெளி விட்டு, தாளில் அச்செடுத்துப் பாருங்கள். மூன்றாம் முறை ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க நீங்கள் சரிபார்ப்பது. நூலின் உடல் பகுதியில் பிழைகள் பதுங்குவது குறைவு. தலைப்பு, பக்க எண், ஆண்டுகள், அடிக்குறிப்பு எண் இவற்றில்தான் அதிகம், ஏனென்றால் அவற்றை யாரும் ‘படிப்பதில்லை’.

கூடவே இரண்டு தாள்களில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒன்று, ஸ்டைல் ஷீட்: கோயிலா கோவிலா, ‘அதைப் பற்றி’ பிரித்தா சேர்த்தா, ‘ஹிந்தி’ என்றா ‘இந்தி’ என்றா, எண்ணை இலக்கத்திலா எழுத்திலா என்று எடுத்த ஒவ்வொரு முடிவும் அதில் ஏற வேண்டும். மூல ஆசிரியரின் பழைய வழக்கை எங்கே அப்படியே விட்டீர்கள், ஏன் என்பதும் வேண்டும். மற்றொன்று, நேரக் கணக்கு: எந்த நாள், எத்தனை பக்கம், எத்தனை மணி, எத்தனை பிழை. ‘ஒரு ஃபாரத்துக்கு எவ்வளவு நேரம் எடுப்பீர்கள்?’ என்று பதிப்பகத்தில் கேட்டால் உங்களிடம் பதில் இருக்கும். கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

துறையில் ஒரு சிக்கல் வரும். 2018ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகளைக் காட்டி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பார்கள். பழைய நூலின் பதிப்பு முழுக்க முழுக்க அந்த நூலேதானே. மென்பொருள் அதைக் களவு என்று சிவப்படித்துத் தரும், சில அலுவலர்கள் அந்தச் சிவப்பைத் தாண்டி யோசிக்க மாட்டார்கள். அதனால் முன்னுரை, பதிப்பு முறை, பதிப்புக்குப் பதிப்பு மாறும் பாட வேறுபாடு, குறிப்புகள், சொல்லடைவு ஆகிய உங்கள் எழுத்தை ஆய்வேடாகவும், மூல நூலைப் பின்னிணைப்பாகவும் கட்டுங்கள். ஒப்புமைச் சோதனைக்கு ஆய்வேடு மட்டும் போகட்டும். இதை வழிகாட்டியிடம் முதல் வாரத்திலேயே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கடைசி வாரத்தில் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

மொழிபெயர்ப்புதான் வேண்டும் என்றால் 40 பக்கம் போதும். ஆனால் மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருடையதே, அனுமதிக் கடிதம் வாங்கிய பிறகே முதல் வரி. பிற்பாடு கூலி பேசும்போது சொல் கணக்கை மூல மொழியிலேயே வையுங்கள். ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் தமிழில் கணிசமாகக் குறையும். தமிழ்ச் சொல்லுக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டால் அந்த அளவுக்கு உழைப்பு இலவசம்.

வேலை கேட்கும்போது ஆய்வேட்டை அனுப்பாதீர்கள். யாரும் திறக்க மாட்டார்கள். நீங்கள் செய்த திருத்தங்கள் வேர்டின் ட்ராக் சேஞ்சஸ் வசதியில் தெரியும்படி நான்கு பக்கம், அதே பக்கங்களின் முடிந்த வடிவம், ஸ்டைல் ஷீட்டில் ஒரு பக்கம், பின்னட்டைக்கு நீங்கள் எழுதிய 80 சொல் குறிப்பு, விக்கிமூல இணைப்பு. மொத்தம் பத்துப் பக்கத்துக்குள் ஒரே பி.டி.எஃப். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடியும்வரை பதிப்பகங்களில் யாருக்கும் அஞ்சல் பார்க்க நேரமிருக்காது. ஆனால் அதற்கு முந்தைய அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் மெய்ப்புப் பார்க்க ஆள் போதாமல் தவிப்பார்கள். உங்கள் வைவா கோடையில் முடிந்துவிடும். ஜூலைக்குள் அனுப்பி, சோதனைக்கு ஒரு ஃபாரம் கேளுங்கள். அந்த ஒரு ஃபாரத்துக்கும் கூலி எவ்வளவு என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.